நீலப் பானை தூங்குகிறது!

மார்கழி மாதத்தில் ஏற்காட்டில் இட்லி மாவு புளித்துப் பொங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சகோதரிகளே! சென்னையில் இரவு அரைத்து வைத்தால் பொழுது விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நம்மைக் கூப்பிடுகிறதே, அதே மாவு, 5,000 அடி உயரத்தில் வைத்தது வைத்தபடி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். மலை வீட்டுப் பெண்கள் அதைக் கம்பளியில் சுற்றி அடுப்பங்கரை மூலையில் வைத்து, "புளி, புளி" என்று கெஞ்ச வேண்டும்.

மாவுக்கே இந்தப் பாடு என்றால், சாயப் பானைக்கு?

"இதென்ன, மாவுக்கும் சாயத்துக்கும் முடிச்சுப் போடுகிறாளே!" என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் மாசி மாதம் ஏற்காட்டுக்குப் போகும் வரையில் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை, அதற்கு முன்பே ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன். அந்த வெட்கக்கேட்டைப் பிறகு சொல்கிறேன்.

சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்து, ஏரிக்கரையில் இறங்கினேன். ஏரியும் காடும் சேர்ந்ததுதானே ஏற்காடு! அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மைல் நடந்தால் என் ஸ்நேகிதியின் அக்காள் வீடு. ஐம்பதைத் தாண்டிய அம்மாள், கணவர் காலமாகிவிட்டார், பிள்ளை வெளியூரில். கைத்தறிப் புடவை வாங்கி, இயற்கை நீலத்தில் தோய்த்து விற்பது அவருடைய ஜீவனம். நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுகிறேன்.

"வாங்க கண்ணு, காப்பி குடிச்சுட்டுப் பேசலாம்" என்றார். நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "பானை எங்கே, அக்கா?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணு முழிக்குது."

குளியலறைக்குப் பக்கத்தில் வெந்நீர் அடுப்பு. அதை ஒட்டிய சுவரோரம், இடுப்பளவு உயரப் பீப்பாய் ஒன்று; சுற்றிலும் உமி நிரப்பிய சாக்கு; அதன் மேல் பழைய கம்பளி; தலையில் பலகை மூடி. பிரசவித்த பெண்ணைக் கூட அவ்வளவு பத்திரமாகப் போர்த்தியிருக்க மாட்டார்கள்! பக்கத்து அலமாரியில் ஏழு வெள்ளைப் புடவைகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒரு சொட்டு நிறம் இல்லாத தும்பைப்பூ வெள்ளை.

"இவை தோய்க்கவா, அக்கா?"

"தை மாசமே தோய்ச்சிருக்க வேண்டியது" என்றார் அக்கா. மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த ஏழு புடவையின் கதையைத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். பத்திரிகைக்காரி அல்லவா!

* * *

முதலில், நீலம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேஷ்டி வெளுக்க வாளியில் இரண்டு சொட்டு விடுகிறோமே, அந்த நீலம் அல்ல இது. இது அவுரிச் செடியின் நீலம். நம்மில் பல பேருக்கு அவுரி இப்போது தலைமயிர் மூலம்தான் பரிச்சயம். மருதாணி பூசி அலசிய பிறகு அவுரிப் பொடியைக் குழைத்துப் பூசினால் நரை கறுக்கிறது என்று கடைதோறும் பொட்டலம் விற்கிறார்கள். பூசி அலசிய உடனே கொஞ்சம் பச்சையடித்து, மறுநாள்தான் கறுக்கிறது என்று பயந்தவர்கள் உண்டு. அது செடியின் குற்றம் அல்ல. காற்றுப் பட்டுத்தான் அவுரி தன் நிறத்துக்கு வரும். இந்த ஒரு விஷயத்தை மனசில் முடிந்துகொள்ளுங்கள். பானையின் ரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அவுரி மலையில் விளைகிற பயிர் இல்லை. வெயில் வேண்டும் அதற்கு. விழுப்புரம் ஜில்லாவில் திண்டிவனத்தைச் சுற்றி இன்றும் பயிரிடுகிறார்கள். விதைத்து மூன்று மாதத்தில் அறுத்து, பசுந்தழையைக் கட்டுக் கட்டாகத் தொட்டியில் அடுக்கி, தண்ணீர் பாய்ச்சி, இரவெல்லாம் ஊற வைக்கிறார்கள். இலைக்குள் நீலம் நீலமாக இல்லை. வேறொரு பொருளாக, நிறமே இல்லாமல், ஒளிந்திருக்கிறது. ஊறும்போது அது தண்ணீரில் இறங்குகிறது. மறுநாள் அந்தப் பச்சை மஞ்சள் தண்ணீரை அடுத்த தொட்டியில் விட்டு, ஆட்கள் வரிசையாக இறங்கி நின்று காலால் உதைத்து அலம்புகிறார்கள். மணிக்கணக்காக! தண்ணீருக்குள் காற்றுப் புகப் புகப் பச்சை நீலமாகிறது, நுரை பொங்குகிறது. பிறகு அடங்க விட்டால் அடியில் நீலச் சேறு தங்கும். அதைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, துண்டு போட்டுக் காயவைத்தால் நீலக் கட்டி. நூறு கிலோ தழை போட்டால் ஒரு கிலோ கட்டி தேறுவதே அபூர்வம். அதனால்தான் அந்த விலை.

மலைக்கும் நீலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சேர்வராயன் மலையின் கீழ்ச் சரிவுகளைப் போன்ற வறண்ட காடுகளில் வெட்பாலை மரம் உண்டு. அதன் இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறுமே, சொறி சிரங்குக்கும் பொடுகுக்கும் தடவுவார்களே, அதே வெட்பாலைதான். அதன் இலையிலும் நீலம் இருக்கிறது. கும்பினி உத்தியோகத்தில் இருந்த தாவர நிபுணர் ராக்ஸ்பர்க் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதைப் பற்றி எழுதினார். அவுரிக்குப் பச்சைத் தண்ணீர் போதும். வெட்பாலை இலைக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்பது வித்தியாசம்.

* * *

சரி, கட்டி கிடைத்துவிட்டது. தண்ணீரில் கரைத்துத் துணியைப் போட்டால் ஆயிற்று என்கிறீர்களா? அங்கேதான் சங்கடம். நீலக் கட்டி தண்ணீரில் கரையவே கரையாது. மாவாக அரைத்துக் கலக்கினாலும் துணி மேல் புழுதி மாதிரி ஒட்டிக்கொண்டு, அலசினால் போய்விடும். கரைய வேண்டுமானால், காற்றினால் வந்த நீலத்தை மறுபடி காற்றில்லாமல் செய்து, பழைய பச்சை மஞ்சள் நிலைக்கே திரும்ப அழைத்துப் போக வேண்டும். அதுவும் சுண்ணாம்பு போன்ற காரத் தண்ணீரில். அந்த நிலையில் அது நூலுக்குள் புகுந்துகொள்ளும். வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால், உள்ளே போனது உள்ளேயே நீலமாகி உட்கார்ந்துவிடும்.

காற்றை யார் வெளியேற்றுவது? நம் இட்லி மாவில் வேலை செய்கிறார்களே, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள், அவர்களுடைய ஜாதிக்காரர்கள்தான். ஆனால் இவர்கள் காரத்தில் வாழப் பழகியவர்கள். தின்ன மாவுப் பண்டமோ வெல்லமோ கொடுத்தால், தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிட்டு நீலத்தையும் கரைய வைக்கிறார்கள். ஆகவே பானைக்குள் இருப்பது சாயம் மட்டும் அல்ல, ஒரு குடும்பம். அதற்குச் சாப்பாடு வேண்டும், சூடு வேண்டும், ஓய்வு வேண்டும்.

நம் தென்னாட்டுச் சாயக்காரர்கள் கண்டுபிடித்த சாப்பாடு தகரை விதை. வேலியோரம் தானாக முளைக்கிறதே, தகரைச் செடி, அதன் விதை. அக்கா பானை வைக்கும் விதத்தை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். சின்ன அளவில், 20 லிட்டர் பிடிக்கும் மண்பானை அல்லது மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குக் கணக்கு.

நீலம் 100 கிராம். பொடித்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் அம்மியில் சந்தனம் அரைப்பது போல் மையாக அரைக்க வேண்டும். (அந்த அம்மியைப் பிறகு சட்னிக்கு எடுக்கக் கூடாது!) தகரை விதையும் அதே அளவு, விதை குழைந்து, தண்ணீர் கொழகொழவென்று வரும் வரையில் வேகவிட்டு, வெதுவெதுப்பாக ஆற வைக்க வேண்டும். சுண்ணாம்பு, வெற்றிலைக்குப் போடுகிற அதே நீற்றின சுண்ணாம்பு. தண்ணீரில் கரைத்துத் தெளிய விட வேண்டும். பானையில் வெதுவெதுப்பான தண்ணீரில் விதைக் கஞ்சியையும் நீல விழுதையும் சேர்த்து, தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எவ்வளவு? அந்தக் காலத்துச் சாயக்காரர் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். நமக்கு அந்த வீரம் வேண்டாம். காரம் புளிப்பை எண்ணாகக் காட்டும் பி.எச். காகிதம் கடைகளில் கிடைக்கிறது. 10-க்கும் 11-க்கும் நடுவே காட்டினால் நிறுத்திவிடலாம்.

மூடி, சூடான இடத்தில் வைக்க வேண்டியது. தினம் ஒரு தடவை நீளக் கரண்டியால் அடியிலிருந்து மெள்ள ஒரே திசையில் கிளறி மூட வேண்டும். மோர் கடைகிற மாதிரி கடைந்தால் காற்றுப் புகுந்து எல்லாம் பாழ்! சமவெளியில் ஒரு வாரம், பத்து நாளில் அடையாளம் தெரியும். மேலே செம்புத் தகடு போல் மினுமினுக்கும் ஏடு. நடுவில் நீல நுரை. ஏட்டை விலக்கினால் கீழே நீலமே இல்லை, கரும்புச் சாற்றை ஒத்த பச்சை மஞ்சள். அப்போது ஒரு வெள்ளைத் துணித் துண்டை நனைத்துப் போட்டு எடுங்கள். பச்சையாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகி, அலசினாலும் போகாமல் நின்றால், பானை பிழைத்துக்கொண்டது.

ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடிக்கு மேல் ஒரு கல்லும் வையுங்கள். சமையல் பாத்திரம் எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. பட்டும் கம்பளியும் காரம் தாங்கா; பருத்தியிலேயே பழகுவது நல்லது.

* * *

இப்போது என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், புத்தகம் படித்துவிட்டுச் சென்னையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் ஒரு வாளி வைத்தேன். நாலாம் நாள் ஒன்றும் காணோம். "பாவம், பசி போலிருக்கிறது" என்று ஒரு கை வெல்லம் போட்டேன். ஐந்தாம் நாள் இன்னொரு கை. தினம் நாலு தடவை திறந்து பார்த்தேன், பார்த்தபோதெல்லாம் கிளறினேன். எட்டாம் நாள் அடுத்த வீட்டு மாமி சுவரெட்டி, "உங்க வீட்டுச் சாக்கடை அடைச்சிண்டிருக்கோ?" என்றாள். என் வீட்டுக்காரர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். வாளியைக் கொட்டினேன், நீலத்துக்குக் கொடுத்த பணமும் அதோடு போயிற்று.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அதிகம் ஊட்டி அஜீரணம் ஆயிருக்கு. நாலு நாள் பொறுத்திருந்தா முழிச்சிருக்கும்" என்றார்.

வெல்லம் அதிகமானால் பானை புளித்துக் காரம் இறங்கிவிடும். அழுகல் வாடை வந்தால் அதுதான் அடையாளம். சுண்ணாம்பு நீர் கொஞ்சம் விட வேண்டும். மாறாக, ஏடு கட்டாமல், வாடையே இல்லாமல், பானை செத்தது போல் கிடந்தால் காரம் அதிகமாயிருக்கலாம்; சும்மா விட்டால் தானாக இறங்கும். காரம் சரியாக இருந்தும் நீர் நீலமாகவே இருக்கிறதா? பசி அல்லது குளிர். முதலில் சூட்டைக் கவனித்து, பிறகே சாப்பாடு போட வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு மருந்துதான். மறுநாள் வரை காத்திருந்து பார்த்துத்தான் அடுத்தது. மூன்றையும் சேர்த்துப் போட்டால் எது குணம் செய்தது, எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்? ஜுரக் குழந்தைக்கு நாம் இதைத்தானே செய்கிறோம்!

துணி தோய்த்த பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு துணியும் உள்ளே போகும்போது காற்றையும் கொண்டுபோகிறது. நாலு துணி தோய்த்தால் நீர் களைத்துப் பச்சை போய் நீலம் காட்டும். கிளறி மூடி, ஓர் இரவாவது ஓய்வு கொடுக்க வேண்டும். வலிமை குறைந்தால் புது நீல விழுதும் கஞ்சியும் சேர்க்கலாம். கவனமாகப் பார்த்துக்கொண்டால் ஒரே பானை மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் கூட உழைக்கும். ஆரோவில்லில் 'கலர்ஸ் ஆஃப் நேச்சர்' என்ற சாயக்கூடத்தில் இப்படிப் புளிக்கும் முறையிலேயே பெரிய தொட்டிகள் வைத்து நடத்துகிறார்கள்.

சிற்றுயிர்களுக்குப் பிடித்த சூடு 30 டிகிரியை ஒட்டி. ஏற்காட்டில் மார்கழி இரவில் அதில் பாதி கூட இராது. ஜப்பானியர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அவர்கள் சாயத் தாழிகளைத் தரையில் புதைத்து, நாலு தாழிக்கு நடுவே ஒரு குழி வைத்துக் குளிர்காலத்தில் அதில் நெருப்பு மூட்டுவார்கள்; கோதுமைத் தவிடும் அரிசி மதுவும் ஊட்டுவார்கள். அக்காவுக்கு வெந்நீர் அடுப்பும் உமிச் சாக்கும் கம்பளியும்தான். அதையும் மீறிய குளிர் சென்ற மார்கழியில் வந்தது. இங்கேதான் ஏழு புடவையின் கதை தொடங்குகிறது.

* * *

கார்த்திகையில் ஓர் அம்மாள் வந்தார். பெண்ணுக்குத் தையில் கல்யாணம். சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்க 12 நீலப் புடவை வேண்டும். "மருந்து போட்டது வேண்டாம், உங்கள் பானையில் தோய்த்ததுதான் வேண்டும்" என்று முன்பணமும் கொடுத்தார். அக்கா கடன் வாங்கி 12 வெள்ளைப் புடவை எடுத்தார். ஐந்து தோய்த்து முடிந்தது. அப்புறம் நாலு நாள் விடாத மழையும் மூடுபனியும். விறகு ஈரம், அடுப்பு எரியவில்லை. பானை தூங்கிவிட்டது. ஏடு கலைந்தது; நீர் கருநீலமாயிற்று. கல்யாணத்துக்கு இன்னும் 12 நாள்.

கீழே சேலத்தில் சாயச் சரக்கு விற்கும் ஒருவரிடம் யோசனை கேட்டார். அவர் சிரித்தார். "இதுக்கா கவலைப்படுறீங்க? ஹைட்ரோஸ் ஒரு கரண்டி போடுங்க. அரை மணியில் பச்சையாயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

ஹைட்ரோஸ் என்று அவர்கள் சொல்வது சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற ரசாயனப் பொடி. சிற்றுயிர்கள் பத்து நாளில் செய்வதை அது நிமிஷங்களில் செய்யும். உலகத்து ஜீன்ஸ் கால்சட்டைகள் பெரும்பாலும் அப்படித்தான் நீலமாகின்றன. அவர் சொன்னதிலும் பொய் இல்லை. புடவையைப் பார்த்து எந்தப் பானையில் தோய்ந்தது என்று நீங்களும் நானும் சொல்லவே முடியாது. ஆனால் அந்தப் பொடி ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. நெடி தொண்டையைக் கமறும். உபயோகித்த தண்ணீரைக் கொட்டுவது தனிப் பிரச்சினை. அக்காவின் பானைத் தண்ணீர் ஒரு வருஷமாகக் கொட்டப்படவே இல்லை.

அக்கா அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இதை மறைக்காமல் சொன்னார் என்னிடம். ராத்திரி முழுவதும் அது மேஜை மேல் இருந்ததாம்.

"ஏழு புடவைப் பணம், கண்ணு. கடனுக்கு வட்டி. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன். சாயம் அதே சாயந்தான், துணி அதே துணிதான். பானையை ஏமாத்தலாம், அது வாயில்லாச் சீவன். அந்தம்மா என் வார்த்தையை நம்பிப் பணம் கொடுத்தாங்களே, அவங்களை எப்படி ஏமாத்தறது?"

விடிந்ததும் அந்த அம்மாளுக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. கல்யாண வீடு அல்லவா! ஐந்து புடவையை வாங்கிக்கொண்டார். மற்ற ஏழுக்கு வேறு கடைக்குப் போய்விட்டார். முன்பணத்தில் மீதி திரும்பிப் போயிற்று. கதையில் வருவது போல அவர் மனம் மாறித் திரும்பி வந்ததாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வரவில்லை. கடன் இன்னும் அடையவில்லை.

* * *

நீலத்துக்கு இதைவிடக் கசப்பான கதைகள் உண்டு. வங்காளத்தில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் குடியானவர்களை நெல்லுக்குப் பதில் அவுரி போடச் சொல்லிக் கொடுமை செய்ததால் 1859-இல் பெரிய கலகமே எழுந்தது. பீகாரில் சம்பாரண் குடியானவர்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கு நீலம் பயிரிட்டே தீர வேண்டும் என்று கட்டாயம். 1917-இல் காந்திஜி அங்கே போய் விசாரித்ததும், 1918-இல் சட்டத்தால் அந்தக் கட்டாயம் ஒழிந்ததும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இதற்கு நடுவில் ஜெர்மனியில் பேயர் என்ற விஞ்ஞானி நீலத்தைச் செடியில்லாமல் செய்யும் வழி கண்டார். 1905-இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே ஒரு கம்பெனி 1897-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில வருஷத்தில் இந்திய நீலம் சந்தையில் படுத்துவிட்டது.

செயற்கை நீலம் கெட்டது, செடி நீலம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் செடியின் பேரால் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்வேன்: இந்தச் சாயத்தில் எப்போதும் அவசரம் வாங்குகிறவர்களுக்கு, அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. 'பானையில் புளித்த நீலம்' என்ற சீட்டைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்கிறோம். ஆனால் குறித்த தேதிக்குக் குறித்த எண்ணிக்கை கேட்கிறோம். குளிரில் பானை தூங்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தச் சீட்டைப் பொய்யாக்கும்படி நாமே அல்லவா சொல்லிக் கொடுக்கிறோம்?

ஆகவே அடுத்த தடவை இயற்கைச் சாயப் புடவை வாங்கப் போனால், "என்ன விலை?" என்பதோடு, "எப்படித் தோய்க்கிறீர்கள்? எத்தனை நாள் வேண்டும்?" என்றும் கேளுங்கள். இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். "குளிர் காலத்தில் தாமதமாகும்" என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் நிஜத்தைச் சொல்கிறார்.

* * *

மறுநாள் காலையில் அக்கா மூடியைத் திறந்தார். செம்பு ஏடு! அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் வந்த வேளை என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் மாசி வெயில் செய்த வேலை அது.

ஏழில் ஒரு புடவையை எடுத்துத் தண்ணீரில் நன்றாக நனைத்துப் பிழிந்தார். "காற்றை உள்ளே கொண்டு போகக் கூடாது, கண்ணு" என்று சொல்லி, ஏட்டை ஒதுக்கி, குமிழி எழாமல், அடி மண்டியில் படாமல், மெள்ள இறக்கினார். நீருக்குள்ளேயே மடிப்புகளைப் பிரித்து விட்டார். ஐந்து நிமிஷம். வெளியே எடுத்தபோது புடவை மாந்தளிர்ப் பச்சை! கொடியில் விரித்தோம். ஓரத்திலிருந்து பச்சை ஓடி ஓடி மறைய, பின்னாலேயே நீலம் வந்தது. கண் கொட்டாமல் நின்றேன்.

"இது முதல் முக்கு. ஒரே தடவையில் கருக்க வைத்தால் மேலாக உட்கார்ந்து உடம்பெல்லாம் ஒட்டும். இலேசாக எட்டுத் தடவை. நடுநடுவே காத்து, நடுநடுவே ஓய்வு."

"இந்தப் புடவை எனக்கு, அக்கா" என்றேன். பணத்தையும் எடுத்து நீட்டினேன்.

"எப்ப வேணும்?"

வாய் வரையில் வந்துவிட்டது, "நாளைக்குப் பஸ்ஸுக்குப் போகுமுன்" என்று. விழுங்கிவிட்டேன். "பானை எப்போது கொடுக்கிறதோ, அப்போது" என்றேன்.

அக்கா என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

இதை எழுதும் வரையில் புடவை வந்து சேரவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன். அவ்வளவுதான், போன் மட்டும் செய்யவில்லை!